கரையிலிருந்து ஒரு பதில்

நாவலூரில் வேலை பார்க்கும் எனக்கு, விடுமுறைக் காலைகளில் மாமல்லபுரம் கடற்கரையில் உட்கார்ந்து ஸ்கேனர் கேட்பது பிடிக்கும். கையடக்கமான அந்தக் கருவி, காற்றில் போகும் வயர்லெஸ் பேச்சுகளைத் தேடிப் பிடித்துத் தரும். கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது.

அன்று கடலும் வானமும் ஒரே பனிமூட்டம். அரைத்தூக்கத்தில் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் மிதந்து வந்தது.

"எஞ்சின் நின்னுபோச்சு. கோயிலுக்கு நேரா வல வுட்டேன், இப்ப தெக்கால இழுத்துகினு போவுது. கரை தெரியல. யாராச்சும் கீறீங்களா?"

பதிலே இல்லை. மற்ற படகுகள் கரையேறிவிட்டிருந்தன. வலை உதறிக்கொண்டிருந்தவர்களிடம் ஓடிக் கருவியை நீட்டினேன். அதே குரல் மறுபடியும் கூப்பிட்டது. மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் பதறினாள்.

"ஐயோ, எங்க வூட்டுக்காரரு!"

ஆண்கள் உடனே ஒரு படகைக் கடலில் தள்ளினார்கள். அவள் ஸ்கேனரை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"படகு வந்துகினு கீது. பயப்படாதய்யா."

"அக்கா, அவருக்குக் கேக்காது" என்றேன்.

"தெரியும்மா. அவுரு கூப்புடுறாரே, நான் எப்பிடி சும்மா கீறது?"

பனி கலையத் தொடங்கும்வரை பேசினாள். பிள்ளை இட்லி தின்றதைக்கூடச் சொன்னாள்.

பிறகு வெண்மைக்குள்ளிருந்து இரண்டு படகுகள் வந்தன, ஒன்று மற்றொன்றைக் கயிற்றில் இழுத்தபடி. அவள் கருவியை என் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி ஓடினாள்.

இப்போதெல்லாம் ஸ்கேனரில் யாராவது பேசினால், என்னையறியாமல் "ம்" கொட்டுகிறேன்.