மாமியின் யோகட்

இரத்மலானையில் யோகட் செய்கிற ஒரு சிறிய கம்பனியில் லேபல் பார்ப்பது என் வேலை. மூன்று மொழியிலும் எழுத்து சரியா, திகதி சரியா என்று பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்கு முன் நான்கு வருடம் அங்கேயே ஓடர் எடுக்கிற பிரிவில் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் வேலை செய்பவர்களுக்குக் குறைந்த விலையில் யோகட் கிடைக்கும். எட்டுக் கப் வாங்கி வெள்ளவத்தைக்குக் கொண்டுவருவேன். எல்லாம் மாமிக்கு, என் கணவரின் அம்மாவுக்கு.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். மாமி யாழ்ப்பாணம், சைவம். மாமா இறந்த நாளிலிருந்து அவர் மீனையும் முட்டையையும் தொடுவதில்லை. ஒரு அடுப்பில் எங்களுக்கு மீன் கொதிக்கும். மாமிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. அதை யாரும் சண்டையாக்கியதில்லை. கடையில் சம்பலைக் கண்டால், தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் "உம்பலகட தாலாத?" என்று கேட்பார். மாசிக் கருவாடு போடவில்லை என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாலும் வாங்க மாட்டார். யோகட்டை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை. பால்தானே.

லேபல் பிரிவுக்கு மாறிய முதல் மாதம், சேர்மானங்களுக்குள் ஜெலட்டின் என்ற சொல்லைக் கண்டேன். பழைய கப்பில் அந்தப் பெயருக்குப் பதில் வெறும் குறியீட்டு எண்தான் இருந்தது. ஆய்வுகூடத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"மாட்டுத் தோல், எலும்பு. ஹலால் சான்றிதழ் இருக்கு," என்றார். "ஏன், யாரும் கேட்டாங்களா?"

"இல்ல, சும்மா."

எதிலிருந்து எடுத்தது என்று தமிழில் போடலாமா என்று மனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். கப்பில் இடமில்லை என்றார். கையெழுத்து வைத்தேன்.

அந்த வெள்ளி வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். யோகட் முடிந்துவிட்டது என்றேன். அடுத்த வெள்ளியும் அதே பொய். கணவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மாட்டச் சொல்லாத. தெரியாமச் சாப்பிட்டது பாவமில்லை," என்றார்.

அது எனக்கும் வசதியாக இருந்தது. வேதக்கார மருமகள், கிறிஸ்தவப் பெண், நாலு வருடம் மாடு கொடுத்தாள் என்பதுதான் சொந்தக்காரர் நடுவே கதையாக நிற்கும்.

மூன்றாவது வாரம் மாமி முழங்கால் வலியோடு தானே காலி வீதிக் கடைக்கு நடந்துபோய் இரண்டு கப் வாங்கிவந்தார். மேசைக்கு முன்னால் அமர்ந்து மூடியை உரித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, அதச் சாப்பிடாதீங்க. அதுக்குள்ள ஜெலட்டின் இருக்கு. மாட்டு எலும்பில இருந்து எடுக்கிறது."

கரண்டியைக் கீழே வைத்தார். "எப்பயிருந்து உமக்குத் தெரியும்?"

"மூணு வாரமா."

"அதாலதான் கொண்டு வரேல்லையோ?"

"ஓம் மாமி."

எழுந்துபோய்க் குளித்தார். ஈரத் தலையோடு கோயிலுக்குப் போனார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கனடாவிலிருந்து மாமியின் தங்கை கோல் எடுத்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பது தங்கைக்குத் தெரியாது.

"அவ வேதக்காரியெல்லோ அக்கா. தெரிஞ்சுதான் தந்திருப்பா."

"தெரிஞ்சு தந்தவள் ஏன் வந்து சொல்லப்போறாள்?" என்றார் மாமி. "என்ர மகனுக்கும் தெரியுமாம், நேற்றுக் கேட்டனான். அவன் வாய் திறக்கேல்லை. இவள்தான் சொன்னவள்."

அன்று பின்னேரம் மாமி மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் இருந்தார். "இதுகளையும் ஒருக்காப் பாரும்."

அதில் இரண்டு வகைக் கப்சூல் இருந்தது. நாங்கள் வழக்கமாக மருந்து எடுக்கிற பாமன்கடையிலுள்ள பார்மசிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். இரண்டின் கூடும் ஜெலட்டின்தான். டொக்டர் சம்மதித்தால் ஒன்றைச் சாதாரணக் குளிசையாக மாற்றலாம். மற்றதற்கு மாற்று இல்லை என்றார்கள்.

"அதை நிப்பாட்ட ஏலாதோ?"

"ஏலாது மாமி. அது இருதயத்துக்கு."

மாமி கொஞ்ச நேரம் அந்தக் கப்சூலை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை திருநீறு பூசிக் கும்பிட்டுவிட்டு, அதை வாயில் போட்டு ஒரே மூச்சில் தண்ணீர் குடித்தார்.

"வாயில கரைய முதல் போயிட்டுது," என்று என்னிடம் சொன்னார்.