காளி ஆற்றின் அந்தக் கரை

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எந்த ஊரிலும் கால் தரிக்காமல் லாரி ஓட்டித் திரிந்த எனக்குப் பூகோளப் பாடம் மட்டும் மறக்கவில்லை. இமயமலையை ஆறுகளை வைத்துப் பிரிப்பார்கள். சட்லெஜிலிருந்து காளி ஆறு வரை குமாவோன் இமயம். அதற்குக் கிழக்கே நேபாள இமயம்.

போன மழைக்காலத்தில் எர்ணாவூர் டீக்கடை டிவியில் நேபாள மலைச்சரிவைக் காட்டினார்கள். கன்டெய்னர் யார்டு வாட்ச்மேன் தன்சிங் முகம் வெளுத்து நின்றார். மெட்ராஸுக்கு வந்து வெகுகாலமான அவர், காளி ஆற்றின் இந்தியக் கரையில் இருக்கும் ஊர்க்காரர்.

“இன்னாத்துக்கு சிங்கு பேஜாராவுற? சரிஞ்சது நேபாள இமயம். உன்னுது குமாவோன். அது வேற மலை நைனா,” என்றேன்.

“பொண்ண அந்தக் கரைலதான் குட்த்துகீறேன். போன் போவ மாட்டேங்குது,” என்றார்.

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

தன்சிங் ஊரிலிருந்த தன் தம்பியைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். தம்பி ஆற்றங்கரைக்கு ஓடினார். அங்கே பாதிப் பேச்சு கரைக்குக் கரை கூவித்தான் நடக்குமாம். ஆற்றின் இரைச்சலுக்கு மேலே அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். பதில் இல்லை. மறுபடி கத்தினார்.

“டிவிய அமுத்துடா கஸ்மாலம், ஒண்ணும் கேக்கல!” என்று டீக்கடை அக்கா என்னை அதட்டினாள்.

அமுத்தினேன். எங்கோ தொலைவில் ஒரு பெண் குரல் கூவியது. தம்பி சிரித்தபடி ஏதோ சொன்னார்.

“சரிவுல ஆடுதான் பூட்ச்சாம். அவ நல்லா கீறா,” என்ற தன்சிங் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தைத்தான் நான் வேறு மலை என்று சொல்லியிருக்கிறேன். லாரியை எடுத்து மாதவரம் தாண்டியும் மனம் அடங்கவில்லை. நான் கத்தினால் பதிலுக்குக் கூவ எந்தக் கரையில் யார் இருக்கிறார்கள் என்று யோசித்தபடியே ஓட்டினேன்.