ஆமையைக் காட்டியதற்குக் கிடைத்த டிப்ஸ்

கடலுக்கு அடியில் வழிகாட்டுவதுதான் என் சித்தப்பாவின் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய், மீனையும் பவளப்பாறையையும் காட்டி, பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்ப்பார். படகுத்துறையில் அவருக்கு ஆமைக்காரர் என்று பெயர். மற்ற கைடுகள் சுற்றிச் சுற்றி வந்தும் காணாத ஆமை, இவர் இறங்கினால் எங்கிருந்தோ வந்து நிற்கும்.

"என்னய்யா, அதுக்கு அட்வான்ஸ் கொடுத்து வச்சிருக்கியா?" என்று கேலி செய்வார்கள்.

"கொடுத்தது நான் இல்ல. அதுதான் எனக்குக் கடன்பட்டிருக்கு" என்பார் சித்தப்பா.

பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து என்ன என்று யாருக்கும் பதில் சொல்லத் தெரியாமல், நான் அவர் வேலை பார்க்கும் அதே டைவிங் கடையில் முன்மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். தங்குவது சித்தப்பா வீட்டில். அவருக்கும் சித்திக்கும் பிள்ளை இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துப் பின்னால் சொல்வது நியாயமில்லை.

கடைக்கு வருகிறவர்கள் சுறா இருக்குமா, ஆழம் எவ்வளவு என்று சத்தமாகக் கேட்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கைடுக்கு எவ்வளவு கொடுக்கணும்?" என்பார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு நாட்டில் டிப்ஸ் கொடுக்காவிட்டால் மரியாதைக்குறைவு, இன்னொரு நாட்டில் கொடுத்தால் மரியாதைக்குறைவு. "உங்க இஷ்டம்" என்று நான் சொன்னால் முகம் இன்னும் குழம்பிப்போகும். இஷ்டத்துக்கு ஒரு அளவு சொல்லுங்களேன் என்பதுபோல் நிற்பார்கள்.

டிப்ஸ் விஷயத்தில் எங்கள் படகுகளில் ஒரு முறை உண்டு. கைடு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கீழே இருந்தவரைக்கும் அவர்களுடைய உயிர் அவர் கையில். மேலே வந்ததும் அதே கையை நீட்டினால் நன்றாகவா இருக்கும்? அதனால் படகு திரும்பும்போது கைடு பின்பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, மாஸ்க்குகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருப்பார். முன்பக்கம் படகு ஓட்டுகிறவர் விருந்தாளிகளிடம் பேச்சுக்கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லுவார். இன்ஜின் சத்தத்தில் பின்னால் ஒன்றும் கேட்காது. கிடைப்பது இருவருக்கும் பாதிப் பாதி.

சித்தப்பாவின் படகை ஓட்டியவர் சித்தியின் கூடப்பிறந்த அண்ணன். விருந்தாளிகளுக்கு கேப்டன், எனக்கு மாமா. மீசை முளைத்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரே படகு. அந்தப் பழக்கத்தில்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தார். கீழே போனவர்கள் வேறு இடத்தில் மேலே வந்தாலும், அவர்கள் விடும் நீர்க்குமிழிகளைப் பார்த்தே மாமா படகைக் கொண்டுபோய் நிறுத்துவார். "மச்சான் மேல இருக்கார்னா நான் கீழ தூங்கக்கூடச் செய்வேன்" என்று சித்தப்பா சொல்லுவார். பங்கு பிரிக்கும்போது எண்ணிப் பார்த்ததும் இல்லை.

கரைக்கு வந்ததும் விருந்தாளிகள் சித்தப்பாவிடம் நடந்துகொள்வது வேறு மாதிரி இருக்கும். மற்ற கைடுகளுக்குக் கைகுலுக்கல்தான். சித்தப்பாவைக் கட்டிப்பிடிப்பார்கள். சிலர் கண் கலங்குவார்கள். ஒரு பெரியவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கெல்லாம் வீட்டில் சித்தப்பாவைப் பிடிக்க முடியாது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அந்த அம்மா அழுதுடுச்சு தெரியுமா? ஆமை நேருக்கு நேரா வந்து பார்த்துச்சு. யாரா இருந்தாலும் உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும்ல" என்பார். "கடல் பாதி, நான் பாதி" என்று சிரிப்பார். தற்பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துத்தான் அவர் காதுவலியோடும் மூட்டுவலியோடும் தினமும் தண்ணீரில் இறங்கினார். வேறு வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம், "அங்க யாரு என்னைக் கட்டிப்பிடிப்பா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்.

இந்த முறை சீசன் தொடங்கியதும் ஓர் அம்மாள் வந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ். முன்பு ஒருமுறை சித்தப்பாவோடு இறங்கியவர். கடைக்குள் நுழைந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"பொண்ணு எப்படி இருக்கா?"

சித்தப்பாவுக்கு வேலைக்குப் போதுமான ஆங்கிலம் தெரியும். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து மேஜைப் பக்கம் கை காட்டினார்.

அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இவ்வளவு பெரிய பொண்ணா! ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா? இப்ப மூச்சு வாங்குறது இல்லையே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சித்தப்பா, எனக்கு ஆபரேஷன் முடிஞ்சிருச்சாமே. என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே" என்றேன் தமிழில்.

சித்தப்பாவும் சிரித்தார். "இவங்க வேற யாரோன்னு நினைச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, அவரிடம் தனக்குப் பெண் கிடையாது, பிள்ளையே கிடையாது, நான் அண்ணன் மகள் என்று விளக்கினார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "இதயத்துல ஓட்டையோட பொறந்த பொண்ணு. படகுல கேப்டன் சொன்னாரே. நீங்க சொல்லக் கூச்சப்படுவீங்க, அதனாலதான் பின்னால போய் உட்கார்ந்திருக்கீங்கன்னு சொன்னாரே. நான் எங்க ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட பேசிட்டு வந்திருக்கேன்" என்றார்.

சித்தப்பாவின் சிரிப்பு உடனே போகவில்லை. வாய் மட்டும் அப்படியே இருந்தது. "இல்லம்மா... ஏதோ தப்பா..." என்றார். தன் மச்சான் பொய் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த அம்மாள் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். அவர் சித்தப்பாவைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஏமாற்றியவனைப் பார்க்கிற பார்வை அது. பிறகு என்னிடம் திரும்பி, தனக்கு வேறு கைடு போடச் சொன்னார்.

சித்தப்பா விறுவிறுவென்று படகுத்துறைக்குப் போனார். நான் கடையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். மாமா படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், எனக்கு எத்தனை பிள்ளைங்க?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். புரிந்துவிட்டது. கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை.

"யாரு சொன்னா?"

"நீதான் ஊரெல்லாம் சொல்லியிருக்க. நான்தான் கடைசியாக் கேக்குறேன்."

"மாப்ள, உக்காரு. கத்தாத. உன் பங்குல நான் கைவச்சிருக்கேனா?"

"பங்கை யாருய்யா கேட்டா? எத்தனை நாளா சொல்ற?"

"சும்மா ஒருதடவை சொன்னேன். ஒருத்தன் ரொம்ப யோசிச்சுக்கிட்டு நின்னான். வாயில வந்துருச்சு. அவன் அள்ளிக் கொடுத்தான். அப்புறம் சொல்லாம இருக்க முடியுமா?"

"அப்ப அவங்க அழுதது..."

மாமாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. நியாயப்படி வரக்கூடாத ஆளுக்கு. "பின்ன? ஆமையைப் பார்த்தா அழுவாங்க? ஆமையை அவனவன் டிவியிலயே பார்த்துட்டுதான் வர்றான். நீ கீழ காட்டுறதுக்கு டீக்காசு வரும் மாப்ள. மிச்சமெல்லாம் நான் மேல பேசுறதுக்கு வந்தது. உன் வீட்டுக்கு ஓடு மாத்தினது எதுலன்னு நினைச்ச?"

சித்தப்பா அவரை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அவர், "ஒருத்தர்கூடவா ஆமைக்காகக் கொடுக்கல?" என்று கேட்டார். மாமா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் படபடவென்று சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் செய்ததைக் கேட்டு சித்தி கொதிப்பாள், அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். சித்தி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்திவிட்டு மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தாள்.

சித்தப்பா வாசற்படியிலேயே நின்றார். "உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"உன் அண்ணன் சொன்னானா?"

"அவன் சொல்லலை. மார்க்கெட்டுல ஒரு வெள்ளைக்காரம்மா வந்து கேட்டுச்சு. உங்க கூட என்னைப் பார்த்திருக்கும் போல. பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டுச்சு. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. ஆபரேஷன், படகுன்னு சொன்னதும் இது அண்ணன் வேலைன்னு புரிஞ்சுருச்சு."

"நீ என்ன சொன்ன?"

சித்தி சட்டையின் பட்டனைப் போட்டாள், கழற்றினாள். "நல்லா இருக்கான்னு சொன்னேன்."

"இல்லாத பிள்ளையை நல்லா இருக்கான்னு சொன்னியா?"

"ஆமா. கேக்கும்போது நல்லா இருந்துச்சு. அப்புறம் வேற ஒருத்தி கேட்டா. நடக்குறா, பள்ளிக்கூடம் போறான்னு சொன்னேன். இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரு வந்து உன் பொண்ணு எப்படி இருக்கான்னு கேட்டிருக்கா? எல்லாரும் ஏன் இல்லன்னுதானே கேட்டாங்க."

அதைக் கேட்டு சித்தப்பா மன்னித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். "நான் தினமும் வந்து உன்கிட்ட ஆமைக் கதை சொன்னேனே. கேட்டுக்கிட்டே இருந்தியே" என்றார். அவ்வளவுதான். மாமா பேசியதற்குக் கூட உடையாத குரல் அங்கே உடைந்தது.

அதன்பிறகு அவர் படகு மாறிவிட்டார். புதுப் படகை ஓட்டுகிறவர் வாயில்லாப் பூச்சி. டிப்ஸ் என்ற சொல்லே அவர் வாயில் வராது. கரைக்கு வந்ததும் சித்தப்பாவே ஈர உடையோடு விருந்தாளிகளின் எதிரில் நின்று, "எனக்குப் பிள்ளைங்க இல்லை. யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். கேட்காமலே ஒருவன் வந்து இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பயமாக இருக்காது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சீக்கிரமாகப் பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கட்டிப்பிடிக்க யாரும் வரவில்லை. "சித்தப்பா, அதை மட்டும் சொல்லாதீங்க" என்று கெஞ்சினேன். "சொல்லலைன்னா எதுக்குக் கொடுக்குறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

ஒருநாள் ஓர் இளைஞர், சித்தப்பா சொன்னதையெல்லாம் அமைதியாகக் கேட்டுவிட்டு, நோட்டுகளை எடுத்து அவர் கையில் வைத்தார். நல்ல தொகைதான். அன்றைக்கு ஆமையும் வந்திருந்தது. சித்தப்பா முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. என்னைக் கூப்பிட்டார். "இது எதுக்குன்னு அவரைக் கேளு. நல்லா விளக்கமாக் கேளு."

கேட்டேன். இளைஞர் குழம்பிப்போனார். "ஏன், குறைவா? பத்துல ஒரு பங்கு கொடுக்கணும்னு படிச்சேனே" என்றார். ஆமையைப் பற்றிச் சொல்வாரோ என்று நான் கொஞ்சம் காத்திருந்தேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சித்தப்பாவிடம் ஏற்கெனவே இரண்டு பேர் உண்மையை மறைத்தாகிவிட்டது. இளைஞர் சொன்னதை அப்படியே சொன்னேன். சித்தப்பா தலையாட்டினார். இளைஞருக்கு நன்றி சொன்னார். காலி சிலிண்டர்களைத் தூக்கப் போனார்.

அன்று வீட்டில் சித்தி தட்டை வைத்தாள். சித்தப்பா உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. இருவரும் அந்த விஷயத்தைப் பேசாமல் பல நாள் ஆகியிருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ஏதாவது பேர் வச்சிருந்தியா?" என்று கேட்டார்.

சித்தி யோசிக்கவே இல்லை. கேட்ட அடுத்த மூச்சில் ஒரு பெயரைச் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அந்தப் பேரைக்கூட எனக்குச் சொல்லலையே" என்றார் சித்தப்பா. பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.