மறுசீட்டுக் கேட்காத ஊர்

சாரதாமணி எங்கள் ஊருக்குச் சீட்டு வாசிக்க ஆரம்பித்தது எழுபத்து நாலில். எடப்பாடிக்கு மேற்கே நாலு மைலில் இருக்கும் இந்த ஊருக்கு மருமகளாக வந்த ஆறாம் மாதமே அந்த வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் வேறு யாரும் அப்போது ஊரில் இல்லை.

சீட்டு என்றால் சேலம் சூரமங்கலத்து மிஷின் அனுப்புவது. படித்தவர்கள் கம்ப்யூட்டர் என்பார்கள். யார் காட்டில் என்ன விதைப்பது, யார் தறிக்குப் போவது, எந்தப் பெண்ணை எந்த ஊரில் கொடுப்பது, எல்லாவற்றையும் அதுவே யோசித்து முடிவு செய்யும். நாங்கள் கேட்பதைச் சாரதாமணி பாரத்தில் நிரப்பிப் பஸ்ஸில் கொடுத்தனுப்புவாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வரும் பதிலைப் பால் சொசைட்டி வாசலில் நின்று உரக்க வாசிப்பாள்.

நான் அங்கே பால் அளந்தவன். நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் அவளுக்கு ஒரே குரல்தான். முகம் பார்த்து ஒரு வார்த்தை கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. அதற்காகவே ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது, நானும்தான் ஆடினேன். அர்த்தநாரியின் கிணற்றை மூடு என்று ஒரு சீட்டு வந்தபோது, தண்ணீர் கிடந்த கிணற்றில் நாங்களே மண்ணள்ளிப் போட்டோம்.

எண்பத்து மூன்றில் அவள் புருஷன் மயில்சாமி படுத்துவிட்டான். லாரி டிரைவர், நல்ல உடம்புக்காரன். நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு வந்தவனுக்குக் காய்ச்சல் விடவேயில்லை. நாலாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சேலத்துக்குக் கொண்டுபோனால் பிழைப்பான் என்றார் எடப்பாடி டாக்டர். ஆனால் சேலத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைக்க மிஷின் சரி சொல்ல வேண்டும். அந்தப் பாரத்தையும் அவள்தான் நிரப்பினாள்.

மறுநாள் நாலாவதாக வாசித்த சீட்டு அது. "மயில்சாமி, வயது முப்பத்தைந்து. படுக்கை இல்லை." அதே குரலில் வாசித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள்.

மாமியார் பாப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஏஞ்சாமி, மாரியாத்தா கோயில்ல பூப்போட்டுக் கேக்கறப்ப, செவப்புப் பூ வந்தா உட்டுட்டா வந்தர்றோம்? வெள்ளைப் பூ வரட்டும்னு மூணு தரம் கேக்கறமல்ல? இதுகிட்டயும் இன்னொருக்கா கேளு."

"இது அப்படி இல்லீங்க அத்தை. எல்லாத்தையும் பாத்துத்தான் சொல்லுது. திருப்பிக் கேக்கறது தப்புங்க."

பாப்பாயி கையை விட்டுவிட்டாள். ஒன்பதாம் நாள் மயில்சாமி இறந்துபோனான். காரியம் முடிந்த மறுநாளே சாரதாமணி சொசைட்டி வாசலில் நின்றாள். எனக்கு அன்று அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. சொல்லவே கூசுகிறது.

எண்பத்தாறில் எங்கள் ஊருக்குப் பரிசு என்று சூரமங்கலத்திலிருந்து கடிதம் வந்தது. அவளும் நானும் போனோம். ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டி இருந்தது அந்த ஆபீஸ். குமாரசாமி என்ற கிளார்க் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தைக் கொடுத்து, காப்பியும் வரவழைத்தார்.

"எங்களுக்கு எதுக்குங்க?" என்று சாரதாமணி கேட்டாள்.

"பன்னண்டு வருஷத்துல நீங்க ஒரு மறுசீட்டுக்கூடக் கேட்டதில்லீங்க. மத்த ஊருக்கெல்லாம் இல்லைன்னு சீட்டுப் போனா, அடுத்த பஸ்ஸுலயே அதே பாரம் திரும்பி வந்துரும்."

"வந்தா?"

"மிஷின் இன்னொருக்காப் பாக்கும். பாதிக்குப் பாதி மாத்திக் குடுத்துரும்."

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். "படுக்கை பத்தலைன்னா என்னங்க பண்ணும்?"

"எந்த ஊர்ல மறுபேச்சு வராதோ, அங்க மொதல்ல இல்லைன்னு சொல்லிரும். யாரும் சொல்லிக் குடுக்கலீங்க, அதுவாக் கத்துக்கிச்சு," என்றார். வீட்டுக் குழந்தையின் சமர்த்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை; அவருக்கு மயில்சாமியைத் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் மெல்லச் சொன்னேன். "வேண்டாம் அம்மிணி. அத்தைகிட்ட இதைச் சொல்லாத."

"சொல்லாம எப்படிங்கண்ணா ஒரே ஊட்ல இருக்கறது?"

நாங்கள் போனபோது பாப்பாயி ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். சாரதாமணி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். சீட்டு வாசிக்கிற குரலில்தான் ஆரம்பித்தாள். படுக்கை என்ற இடம் வந்ததும் அந்தக் குரல் மாறிவிட்டது. மீதியையும் சொல்லி முடித்தாள்.

பாப்பாயி திட்டுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவள் தழைக் கட்டை இறுக்கி முடிந்துவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்கு அன்னிக்கே மனசு கேக்கலை சாமி. படிச்ச புள்ளை, உனக்குத் தெரியாதான்னுதான் கம்முனு இருந்துட்டேன். எனக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா நானே இன்னொரு பாரத்தைப் பஸ்ஸுல குடுத்திருப்பேன்."