குருநாதன் கூப்பிட்ட வீடு

ஜுனைதா மனநலப் பிரிவில் நர்ஸாகச் சேர்ந்தபோது அவளுடைய உம்மா அவளோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பிரசவ வார்டு, கண் வார்டு என்று எத்தனையோ இருக்க, தன் பிள்ளை போயும் போயும் பேய் பிடித்தவர்களோடு உட்காருகிறாளே என்று உம்மாவுக்கு ஆறவில்லை. பெரியபட்டினத்து வீட்டுக்கு விடுமுறையில் போனால், வாசலிலேயே நிறுத்தி, “குளிச்சுட்டு உள்ள வா” என்பார். ஜுனைதா சிரித்துக்கொண்டே கிணற்றடிக்குப் போவாள். அந்த வேலையில் அவளுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது.

பயம் அவளுக்கும் ஆரம்பத்தில் இருந்தது. அது ஆட்களைப் பார்த்து வந்த பயமில்லை. ஒன்றை இன்னொன்று என்று நினைத்துவிடுவோமோ என்ற பயம்தான் அவளைத் தூங்க விடாது. பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் துக்கத்தில் இருக்கலாம். காதுக்குள் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கிருமியோ காய்ச்சலோ மூளையைக் கலக்கியிருக்கலாம். அபிராமத்துப் பக்கமிருந்து ஒரு விவசாயியைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தார்கள். சுவரெல்லாம் சின்னச் சின்ன மனிதர்கள் ஏறுகிறார்கள் என்று அலறினார். ஊர் முழுக்கப் பைத்தியம் என்றது. திடீரென்று குடியை நிறுத்தியதில் வந்த வினை அது. சிகிச்சை கொடுத்ததும் தெளிந்து, வெட்கத்தோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே பஸ் ஏறிப் போனார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். கிட்டே போய் உட்கார்ந்து கேட்டால்தான் வேறுவேறு என்று தெரியும்.

சாயல்குடியில் மருத்துவ முகாம் நடந்த ஒரு நாளில் நாகேந்திரன் அவளைத் தேடி வந்தான். மாரியூர்க்காரன், மீன் பிடிப்பவன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாருக்கும் கேட்காதபடி சொன்னான்.

“எங்க ஆத்தாட்ட செத்துப்போன அண்ணன் வந்து பேசுறான் சிஸ்டர்.”

அவன் அண்ணன் குருநாதன் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடித்த நாளில் நண்டு வலை போடத் தனியாக வள்ளத்தில் போனவன். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. கரையில் யாரோ இழுத்து நிறுத்தியது போல மணலில் ஏறி நின்றது. வலை நனையாமல் சுருட்டியபடியே கிடந்தது. ஆளைக் கடல் கொடுக்கவே இல்லை. அப்போது அவன் மனைவி கவிப்ரியா நிறைமாதம். பெண் குழந்தை பிறந்து, இன்னும் நாற்பது நாள் கழியவில்லை.

“ஆத்தா சிரிச்சுச் சிரிச்சுப் பேசுது. அண்ணனுக்குச் சோறு போட்டு வைக்குது. ஊர்ல மந்திரிக்கணும்ங்கிறாக. ஒருக்கா வந்து பாருங்க சிஸ்டர்.”

“வீட்ல வேற யாரு இருக்கீக?”

“மதினிதான். அதுதான் வீட்டையே தாங்குது. கண்ணீர் ஒரு சொட்டு விடல. ராவும் பகலும் தூங்காம வேலை பாக்குது.”

மறுநாள் உச்சி வேளையில் ஜுனைதா மாரியூர் போனாள். கடலைப் பார்த்த கடைசி வீடு அது. அன்று கடலில் அலையே இல்லை. எண்ணெய் ஊற்றியது போலப் பளபளவென்று கிடந்தது. வீட்டைச் சுற்றிப் பனையோலைகள் மட்டும் காற்றில்லாமலே அவ்வப்போது சடசடத்தன. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

நாகேந்திரனின் ஆத்தா உலகம்மாள் அவளை வரவேற்றுப் பாய் விரித்தார். கறுத்து மெலிந்த உடம்பு. மீன் கூடை சுமந்து சுமந்து கழுத்து நரம்பெல்லாம் தெறித்து நின்றது. நன்றாகத்தான் பேசினார். மீன் விலை, பிள்ளையின் எடை, நாகேந்திரனுக்குப் பெண் பார்ப்பது என்று பேச்சு போனது. பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்தி, கடல் பக்க வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

“இந்தா வாரேன்யா!”

ஜுனைதா திரும்பிப் பார்த்தாள். வாசலில் வெயில் மட்டும் நின்றது. மணலில் காலடி எதுவும் இல்லை.

“என்னம்மா சொல்றான்?”

“பசிக்குதுன்றான். வேற என்ன சொல்வான்? கடல்லருந்து வந்தா மொதச் சொல்லு அதுதான்.”

“எப்பெல்லாம் கேக்குது?”

“வள்ளமெல்லாம் கரை ஏறுற நேரம். ஒரு வார்த்தைதான். நான் வாரேன்னதும் போயிருவான்.”

“உங்களை ஏதாச்சும் செய்யச் சொல்றானா? திட்டுறானா?”

“எம்புள்ளையா?” உலகம்மாள் சிரித்தார். பிறகு முகம் மாறியது. “அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியாதா தாயி? வள்ளத்தை நாந்தான மொதல்ல பாத்தேன். கேக்குறப்ப வயிறு குளுந்து போகுது. அம்புட்டுத்தான்.”

அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், மீன் விற்கப் போகிறார். மகன் இறந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பறிகொடுத்தவர்களின் காதில் போனவரின் குரல் விழுவது அபூர்வமில்லை. ஜுனைதாவுக்கு மனம் கொஞ்சம் லேசானது.

அப்போது கவிப்ரியா டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். ஜுனைதா வாயில் வைத்தாள். வெறும் வெந்நீர். தூளும் இல்லை, பாலும் இல்லை. கவிப்ரியா கைகட்டி நின்று, “சீனி போதுமா சிஸ்டர்?” என்றாள்.

அவளுடைய சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஜாக்கெட்டைத்தான் உள்வெளியாகப் போட்டிருந்தாள். தையல் வெளியே தெரிந்தது. கண்கள் காய்ந்து, இமை கொட்டாமல் நின்றன. சேலைத் தொட்டிலில் குழந்தை சிணுங்கியதுதான் தாமதம், அவள் தலை மெல்லச் சாய்ந்தது. தாய்மார்கள் பதறித் திரும்புவார்களே, அப்படி இல்லை. பெரிய ஆள் ஒருவர் பேசுவதைப் பணிவாகக் கேட்பது போல நின்றாள். உதடுகள் ‘சரி, சரி’ என்று அசைந்தன.

உலகம்மாள் வாசலைப் பார்த்தார். இவளோ தொட்டிலைப் பார்க்கிறாள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஜுனைதா எழுந்து தொட்டில் அருகே போனாள். குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டு, கன்னத்தில் மை வைத்து, பயணத்துக்குக் கிளம்புவது போலத் துண்டில் சுற்றி வைத்திருந்தது.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“அவுக கூப்பிடுறாக.”

“எங்கருந்து?”

கவிப்ரியா குழந்தையை விரலால் காட்டினாள். “இது அழுகுற சத்தம் இல்ல சிஸ்டர். அவுக குரல். வாய் மட்டும் இதோடது.” அவள் குரல் தணிந்தது. “தண்ணிக்குள்ள குளிருதாம். இதைத் தூக்கிட்டு வரச் சொல்றாக. கடல் அமரட்டும்னு காத்திருந்தேன். இன்னிக்கு அமந்துருச்சு.”

வெளியே கடல் அசையாமல் கிடந்தது.

ஜுனைதா குரலை உயர்த்தவில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று வாதாடவும் இல்லை, ஆமாம் என்று தலையாட்டவும் இல்லை. “எனக்கு அந்தக் குரல் கேக்கல கவிப்ரியா. உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. பயமா இருக்கா?”

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல கவிப்ரியா சொன்னாள். “விடவே மாட்டேங்கிறாக சிஸ்டர். கண்ணை மூடவிட மாட்டேங்கிறாக.”

“பிள்ளையை அத்தை கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும். நான் உங்க பக்கத்துலயே இருக்கேன்.”

குழந்தை உலகம்மாளின் கைக்குப் போனது. ஜுனைதா ஒரு கையால் கவிப்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி மறு கையால் டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் காய்ச்சல் இருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா என்று அவசரமில்லாமல் கேட்டார். பிறகு, “ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க, ரத்தமும் பாத்துருவோம்” என்றார்.

நாகேந்திரன் வாசலை மறித்து நின்றான். “மதினியவா? நான் ஆத்தாவுக்கில்ல உங்களைக் கூப்பிட்டேன்? பச்ச உடம்புக்காரியப் பைத்தியக்கார ஆசுபத்திரிக்குக் கொண்டு போனா ஊரு என்ன பேசும்?”

“பிள்ளை பெத்த உடம்புல சில பேருக்கு வர்ற நோய்ப்பா இது. துக்கமும் தூக்கமில்லாததும் சேந்துக்கிச்சு. சரியாகிரும். ஆனா வீட்ல வச்சிருக்கக் கூடாது.”

“அண்ணன் ஆவிதான் சிஸ்டர், ரெண்டு பேரையும்—”

“ஏலே, வாய மூடு.” உலகம்மாள் குழந்தையோடு எழுந்து வந்தார். மருமகள் சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது. “எம்மகன் சோறு கேப்பான். பொண்டாட்டி பிள்ளையைத் தண்ணிக்குள்ள கூப்பிடுவானா? இவகிட்டப் பேசுறது அவன் இல்ல. வண்டியக் கூப்பிடு.”

ஆம்புலன்ஸ் வரும் வரை ஜுனைதா அந்த மணிக்கட்டை விடவில்லை. கவிப்ரியா ஒருமுறை எழுந்து கடல் பக்கம் நடக்கப் பார்த்தாள். இழுக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. மறந்துபோன வேலையை முடிக்கப் போகிறவள் போல எழுந்தாள். அந்த அமைதிதான் பல மாதம் கழித்தும் ஜுனைதாவின் நினைவில் வந்துகொண்டிருந்தது.

வார்டில் உலகம்மாள்தான் துணைக்கு இருந்தார். ரத்தப் பரிசோதனையில் வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை. மருந்து கொடுத்ததும் கவிப்ரியா தூங்கினாள். எழுப்பினால் சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். குழந்தைக்குப் புட்டிப்பால். நர்ஸ்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் மடியில் கொடுத்தார்கள். முதலில் அதைத் தொடவே அஞ்சினாள். வாயைப் பொத்திவிடப் பார்த்தாள் ஒரு தடவை. ஜுனைதா கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள். பிறகு ஒரு காலையில் குழந்தை அழ, கவிப்ரியா காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். “பிள்ளைதான் அழுகுது” என்றாள். அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. புருஷனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அடைத்துக்கிடந்த அத்தனையும் வந்தது. ஜுனைதா தடுக்கவில்லை.

“உங்களுக்கு இங்க கேக்குதாம்மா?” என்று உலகம்மாளிடம் ஒருநாள் கேட்டாள்.

“இங்கன எப்படி வருவான்? வழி தெரியாதே.” அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் துணி மாற்றினார்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஜுனைதா முறை வைத்து மாரியூர் போனாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது, தூக்கம் குறைந்தால் உடனே சொல்ல வேண்டும், அடுத்த பிரசவம் என்று ஒன்று வந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று நாகேந்திரனுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். அவன் இப்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கவிப்ரியா சாயல்குடியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். குழந்தை சதை போட்டு, கன்னம் உப்பி, யாரைப் பார்த்தாலும் கைநீட்டியது.

ஒருநாள் கிளம்பும் நேரத்தில் கவிப்ரியா வண்டி வரை வந்தாள்.

“இப்ப ஒண்ணுமே கேக்கல சிஸ்டர். நல்லா இருக்கேன். ஆனா...” அவள் மணலைக் காலால் கீறினாள். “அத்தைக்கு இன்னும் வாராக. எனக்கு வந்தது அவுக இல்லைன்னு தெரியுது. நெசமா அவுக எனக்கு ஒருக்காகூட வரலையேன்னு இருக்கு.”

ஜுனைதா அவள் தோளில் கைவைத்தபடி நின்றாள். உலகம்மாள் பின்னாலேயே வந்துவிட்டிருந்தார்.

“மருமகளுக்கு வந்தது நோவுன்னு சொன்னீக தாயி. அப்ப எனக்கு வாரது என்னது?”

“நோய் இல்லம்மா. அது மட்டும் உறுதியாத் தெரியும். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.”

உலகம்மாளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது போலும். கடலில் வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. அவர் உள்ளே போய் உலைமூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கவிப்ரியாவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். “நான் போடுறேன் அத்தை” என்று தட்டை வாங்கி, அவளே சோறு போட்டுக் கடல் பக்க வாசலில் வைத்தாள்.