ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எடுத்த உளுந்து

எங்கள் பக்கம் உளுந்து எடுக்க ஞாயிற்றுக்கிழமையை விட்டால் ஆள் கிடையாது. மற்ற ஆறு நாளும் ஊர்ப் பெண்கள் பட்டாசுக் கம்பெனி வண்டியில் ஏறிவிடுவார்கள். பழைய ரகமோ ஒரே செடியில் பூவும் பிஞ்சும் நெற்றுமாக நிற்கும். மூன்று ஞாயிறு எடுத்தாலும் முடியாது. அதற்குள் முந்தின நெற்று வெடித்து மண்ணில் கொட்டிவிடும். போதாததற்கு மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ வந்து உட்கார்ந்தால் வரிசை வரிசையாக இலை வெளிறும்.

அதனால்தான் போன பருவத்தில் நிலம் முழுக்கப் புது ரகம் விதைத்தேன். தேமல் அண்டாது, ஒன்றுபோல முற்றும், நெற்று வெடிக்காது என்றார் விதை விற்றவர். மூன்று குணம். மூன்றையும் நான் நம்பவில்லை, ஆனாலும் வாங்கிவிட்டேன். வீட்டுப் பானையில் இருந்த பழைய விதை இட்லிக்குப் போனது.

"இது போச்சுன்னா அடுத்த வருசத்துக்கு வெதை இல்ல, பாத்துக்கோங்க," என்றாள் மனைவி. "கடை உளுந்த நான் ஆட்ட மாட்டேன். இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து ஆட்டுனது இல்ல."

தினமும் காலையில் வரப்பில் நடந்து மஞ்சள் இலைகளை எண்ணினேன். பக்கத்து நிலத்தில் பழைய ரகம்; அங்கே தேமல் திட்டுத்திட்டாக ஏறிக்கொண்டிருந்தது. என் நிலத்தில் பூஜ்யம். பூஜ்யம் வந்தால் எனக்குச் சந்தேகம் அதிகமாகும்; திரும்பவும் எண்ணுவேன்.

ஒருநாள் நிலமெங்கும் மஞ்சள் தெரிந்தது.

பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஒங்க புது ரக வீரனும் விழுந்துட்டானா?"

குனிந்து எண்ணினேன். நாற்பதைத் தாண்டியபோதுதான் உறைத்தது. எண்ணியது அத்தனையும் அடி இலை. முழு இலையும் ஒரே நிறமாகப் பழுத்திருந்தது. நுனிக் கொழுந்தில் ஒரு புள்ளி இல்லை. தேமல் என்றால் முதலில் அங்கேதானே தெரியும்? செடியை விலக்கினேன். நெற்றெல்லாம் கறுத்து, கொத்துக் கொத்தாகக் காய்ந்திருந்தது. இத்தனை நாளும் இலையையே எண்ணி, காயைப் பார்க்க மறந்திருக்கிறேன்.

"நோய் இல்லப்பா, முத்திருச்சு! அம்புட்டும் முத்திருச்சு!"

அவர் இறங்கி வந்து நாலு செடியைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப எனக்கு ஒரு படி வெதை எடுத்து வையுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு பெண்கள் வந்தார்கள்.

"அய்யா, செடிய எண்ணிட்டீகளா?"

"எண்ணியாச்சு. ஆளையும் எண்ணியாச்சு."

"அப்ப பிடுங்குறதுக்கு மட்டுந்தான் நாங்களாக்கும்!"

சிரித்துக்கொண்டே மதியத்துக்குள் முடித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு தேவைப்படவில்லை.

காயவைத்து அடித்த உளுந்தில் முதல் படியை மனைவி ஊறவைத்து ஆட்டினாள். மாவைக் கிள்ளிச் சொம்புத் தண்ணீரில் போட்டாள். மிதந்தது; நன்றாகப் பொங்கிய மாவுதான் மிதக்கும். உடனே எழுந்துபோய், பானை நிறைய விதை அள்ளிச் சாம்பல் கலந்து வாயைத் துணியால் கட்டினாள்.

மறுநாள் காலை பூப்போல இட்லி. ஏழு சாப்பிட்டேன் என்றேன்.

"எட்டு," என்றாள்.