மஞ்சள் நூல் கட்டிய கோழிக்குஞ்சு

டெங்கு வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், என் உயிருக்கு ஈடாக அக்கா தன் ஊர் எல்லைச் சாமியிடம் பேசி முடித்திருந்த விலை ஒரு கருஞ்சேவல். காய்ச்சல் விட்ட பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் பத்திரிகையில் செய்தி எழுதியவனுக்கு ஒரு ஆடாவது தேறாதா என்று கேட்டேன்.

"உன் ஒடம்புக்கு அதுவே ஜாஸ்திடா," என்றாள்.

சந்தையில் வாங்கிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்திருக்கும். அக்கா வாழ்க்கைப்பட்ட திருநள்ளாற்றுப் பக்கத்துக் கிராமத்தில் அது நேர்த்திக்கடன் ஆகாது. சேவல் வீட்டில் பொரித்ததாக இருக்க வேண்டும். மாற்று நிறத்தில் ஓர் இறகுகூடக் கூடாது. அடைகாத்த கோழி குஞ்சுகளை முதன்முதலாக வாசலுக்கு இறக்கும் நாளிலேயே எது சாமிக்கு என்று முடிவு செய்து காலில் மஞ்சள் நூல் கட்டிவிட வேண்டும். வளர விட்டுப் பார்த்தால் சிக்கல் இல்லையே என்றேன்.

"வளந்தப்புறம் பாத்துப் பொறுக்குறது கடைத்தெரு வேலை. பொறந்தப்பவே கொடுக்கறதுதான் நேத்தி."

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சேவல் கொடுக்கும்வரை மீன் தொடுவதில்லை என்றும் சொல்லி வைத்திருந்தாள். அக்கா முள்ளைக்கூட இரண்டு முறை சப்பிப் பார்த்துவிட்டு வைக்கிறவள். விரதம் அவளுக்கு மட்டும்தான்; ஆனால் அத்தானுக்கும் மீன் நின்றுபோனது. "உப்பு பாக்காம கொழம்பு வெக்க நான் என்ன மெஸ்ஸா நடத்துறேன்?" என்று மீன் சட்டியைக் கழுவி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்துவிட்டாள்.

ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. அவற்றில் இரண்டுதான் கருப்பு. ஒன்று அலகு முதல் கால்வரை கரி. மற்றதற்கு முதுகு கருப்பு, வயிறும் இறக்கை நுனியும் வெளிர் மஞ்சள். இறக்கும் நாளன்று வாசலில் நிபுணர்கள் கூடினோம்.

அத்தான் ஒவ்வொன்றையும் பிடரியில் பிடித்துத் தூக்கினார். கால் தொங்கினால் சேவல், மடக்கினால் பெட்டை என்பது அவர் கட்சி. ஒரே குஞ்சு இரண்டு நிமிடத்துக்குள் தொங்கவும் விட்டது, மடக்கவும் செய்தது. அக்காவின் கட்சி, கூரான முட்டையில் சேவல். அவள் வைத்ததெல்லாம் கூரான முட்டைதான். அந்தக் கணக்குப்படி ஒன்பதும் சேவல். பட்டினச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியோடு வரும் மீன்காரம்மாவும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். விரல் நீட்டினால் முறைப்பது ஆண், ஓடுவது பெண் என்றார். இந்த முறைகள் எல்லாமே பாதித் தடவை பலிக்கும். அதனால்தான் இவ்வளவு காலம் பிழைத்திருக்கின்றன. தேர்தல் கணிப்பும் இப்படித்தான்.

நான் மட்டும் படித்துவிட்டு வந்திருந்தேன். இறக்கையை விரித்தால் நுனியில் இரண்டு வரிசைச் சிற்றிறகுகள் தெரியும். நீளமும் குட்டையுமாக இருந்தால் பெட்டை, ஒரே அளவாக இருந்தால் சேவல். பூதக்கண்ணாடியால் பார்த்தேன். மஞ்சள் வயிற்றுக் குஞ்சுக்கு ஒரே அளவு.

"இதுதான் சேவல்," என்றேன்.

"வயிறு வெளுத்திருக்கே மாப்ள," என்றார் அத்தான்.

"வளந்தா முழுசா கருத்துடும் அத்தான். அந்த முழுக்கருப்பதான் நம்ப முடியாது."

"எழுதுறவரு சொல்றாரு, கட்டுக்கா," என்றார் மீன்காரம்மா. அக்கா நூலைக் கட்டினாள்.

ஆறாவது வாரத்தில் நூல் கட்டாத கரிக்குஞ்சின் கொண்டை சிவந்து தடித்தது. என்னுடையதன் கொண்டை வெளிறி, அரிசி அளவிலேயே நின்றது. தாமதமாக வளரும் ரகம் என்று விளக்கம் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இறக்கைச் சோதனை அதற்கென்றே கலந்து உருவாக்கிய பண்ணை ரகங்களில் மட்டும்தான் செல்லும், நாட்டுக்கோழிக்குச் செல்லாது என்று கடைசிப் பத்தியில் இருந்தது. இடம் பற்றாவிட்டால் செய்தியைக் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டிப் பழகியவன் நான். முதல் தடவை அவ்வளவு தூரம் போகவே இல்லை.

கரிக்குஞ்சு மூன்றாம் மாதம் கூவியது. கூடவே அதன் கழுத்தில் பொன்னிற இறகுகள் இறங்கின. சாமிக்கு ஆகாது. என்னுடையது வயிறெல்லாம் கருத்து, மாற்று இறகு ஒன்றுகூட இல்லாமல் மினுமினுத்தது. குறை சொல்ல முடியாத பெட்டை. நிறத்தில் நான் தவறவில்லை என்பதை எடுத்துச் சொன்னேன்.

அத்தான் அடிக்கடி காரைக்காலுக்கு என்னைப் பார்க்க வரத் தொடங்கினார். இருவரும் மெஸ்ஸில் நெத்திலி வறுவல் சாப்பிடுவோம். எலுமிச்சை தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஒருநாள் அக்கா போன் செய்தாள். "அவரு கை எலுமிச்சம்பழ சாதம் மாதிரி மணக்குது. நெத்திலியா, மத்தியாடா?"

ஏழாம் மாதம் என் பெட்டைக் கோழி கருப்பி முட்டையிட இடம் தேடிப் பரண் ஏறி, வைக்கோல் விழுந்து கிடந்த மீன் சட்டிக்குள் உட்கார்ந்தது. மீன்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "யக்கா, ஒன் மீன் சட்டிய சாமி எடுத்துக்கிச்சு."

அக்கா சிரிக்கவில்லை. சட்டியையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, செய்தி ஆசிரியர் எவருக்கும் தோன்றாத ஒன்றைச் சொன்னாள்.

"நூல் கட்டுனது கட்டுனதுதான். இது சாமி கோழி. இது பொரிக்கிறது அத்தனையும் சாமிதுதானே? இனிமே பொறந்தப்பவே எதுன்னு சொல்ல வேணாம். எல்லாமே சாமிக்குச் சொன்னதுதான். கொண்டை வர்ற வரைக்கும் பாத்துக்கலாம்."

அத்தான் மீனுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்து முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கருப்பி பத்துக் குஞ்சு பொரித்தது. நான் போனபோது அக்கா கூடையை முந்தானையால் மூடினாள். "நீ கிட்ட வராத. பேசாம காப்பி குடி." அவற்றில் இரண்டு கருஞ்சேவல்கள் தேறின. ஒன்றுக்குக் கழுத்தில் பொன் இறங்கிவிட்டது. மற்றது கடைசிவரை சுத்தமாக நின்றது. பூசாரி அதன் இறகை விலக்கி விலக்கிப் பார்த்தபோது அக்காவும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் என் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுகூட அவள் இப்படித் தொட்டதில்லை.

சேவல் கொடுத்த மறுநாள் காலை மீன்காரம்மா கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீன் கொண்டுவந்தார். கருப்பி மறுபடி அதே சட்டியில் அடையில் இருந்ததால் குழம்புக்குப் புதுச் சட்டி வாங்க வேண்டியிருந்தது. அக்கா முதல் வாயை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். பிறகு கண்ணைத் திறந்து என் இலையைப் பார்த்தாள்.

"முள்ளு பாத்துத் தின்னுடா. இன்னொரு நேத்திக்கு எனக்குத் தெம்பு இல்ல."